கல்லறையிலிருந்து எழுந்த ஆட்சி: ‘முகமது பின் துக்ளக்’ (1971) திரைப்படத்தில் டிஸ்டோப்பிய அங்கதம் – திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சோ ராமசாமி எழுதி இயக்கி நடித்த ‘முகமது பின் துக்ளக்’ என்னும் திரைப்படம் இதுவரை அரசியல் நையாண்டி என்ற அளவிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. அதனைக் குறைந்த முதலீட்டில் உருவான டிஸ்டோப்பிய அறிவியல் புனைவு அங்கதமாக வாசிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியம் காட்டும் அங்கத வகைமை, டார்கோ சூவின் முன்வைத்த அறிவியல் புனைவுக் கோட்பாடு ஆகிய இரண்டும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, வுடி ஆலனின் ‘ஸ்லீப்பர்’, கொதார்தின் ‘ஆல்ஃபாவில்’ ஆகியவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. துக்ளக், இபின் பதூதா ஆகிய இருவரின் காலத்தோடும் நேரடி வரலாற்றுத் தொடர்பு உடைய திருவண்ணாமலையின் வல்லாள மகாராஜா மரபை எதிர்முனையில் நிறுத்தி, இப்படத்தின் வலிமையும் குறையும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அங்கதம், டிஸ்டோப்பியா, அறிவியல் புனைவு, முகமது பின் துக்ளக், சோ ராமசாமி, வல்லாள மகாராஜா, திருவண்ணாமலை.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தில் அறிவியல் புனைவின் வரலாறு எழுதப்படும்போது ‘கலை அரசி’ (1963) முதலிடம் பெறுகிறது. வேற்றுக் கோளிலிருந்து வந்தோர் இசைவல்ல பெண்ணைக் கடத்திச் செல்லும் அக்கதையில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். அங்கிருந்து ‘எந்திரன்’ (2010), ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘மாயவன்’ (2017) எனப் பட்டியல் நீள்கிறது. பெருமுதலீடு இன்றி அறிவியல் புனைவு அமையாது என்னும் எண்ணமும் இப்பட்டியலோடு சேர்ந்தே வளர்ந்துள்ளது. மலையாளத்தில் அருண் சந்து இயக்கி 2024இல் திரைக்கு வந்த ‘ககனசாரி’ இவ்வெண்ணத்தை அசைத்தது. எதிர்காலக் கேரளத்தின் சீரழிவை, பெரும்பகுதி ஒரு வீட்டின் சுவர்களுக்குள் நின்றே, போலி ஆவணப்பட வடிவில் எள்ளலோடு சொன்னது அப்படம். அதன் வெற்றியை ஒட்டித் தமிழில் இத்தகைய முயற்சி உண்டா என்ற வினா எழுவது இயல்பு.

‘முகமது பின் துக்ளக்’ அவ்வினாவுக்கு விடையாக அமையக்கூடும். 1968இல் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவின் மேடை நாடகமாகத் தோன்றி, 1971 மார்ச்சில் தேர்தல் பரபரப்புக்கு நடுவே திரைப்படமாக வெளிவந்தது இது. கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்படத்தில் விண்கலம் இல்லை. எந்திர மனிதன் இல்லை. வருங்கால நகரமும் இல்லை. ஆயினும் அறிவியல் புனைவு எழுப்பும் அடிப்படை வினாவை இப்படம் எழுப்புகிறது: நடக்க இயலாத ஒன்று நடந்துவிட்டதாகக் கொண்டால், நாம் வாழும் சமூகம் எவ்வாறு காட்சியளிக்கும்?

2. டிஸ்டோப்பியாவும் அங்கதமும்

‘யூட்டோப்பியா’ என்னும் நன்னிலக் கற்பனைக்கு எதிரான ‘டிஸ்டோப்பியா’வுக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ஆதலால் இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்கிறது. அதன் அடைமொழி வடிவத்தை 1868இல் பிரிட்டானிய நாடாளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் பயன்படுத்தினார் என்பது கவனத்திற்குரியது. ஓர் ஆட்சியின் கொள்கையைக் கண்டிக்கும் உரையில் ஆளப்பட்ட சொல் அது. இலக்கிய வகைமையின் பெயராக அது பின்னரே நிலைத்தது. டிஸ்டோப்பியா அரசியல் விமர்சனத்தின் கருவி என்பதற்கு இது சான்று.

டார்கோ சூவின் 1979இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அறிவியல் புனைவை மற்றப் புனைவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு ‘புதுமைக்கூறு’ என்கிறார். நாம் அறிந்த உலகில் இல்லாத ஒன்று கதைக்குள் நுழைகிறது. அதன் விளைவுகள் அனைத்தும் தருக்க ஒழுங்கில் வளர்த்தெடுக்கப்படுகின்றன. அதன் வழியாக வாசகர் தம் உலகையே அந்நியமாகக் காண்கிறார். இவ்வரையறையில் பொறியும் கருவியும் கட்டாயமல்ல. விளைவுகளின் தருக்கமே கட்டாயம்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. பழியை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. டிஸ்டோப்பிய அங்கதம் இயல்பிலேயே பழிகரப்பு வகையைச் சார்ந்தது. வேறொரு காலத்தையோ வேறொரு நாட்டையோ காட்டித் தன் காலத்தைப் பழிப்பதே அதன் முறை. ‘துக்ளக்’ படத்தில் இவ்விரு வகைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உரையாடல் முழுவதும் செம்பொருள், கதைச்சட்டகம் பழிகரப்பு. உரையாடலின் கூர்மையையே விமர்சகர்கள் பெரிதும் பேசினர். சட்டகத்தின் ஆழம் போதிய கவனம் பெறவில்லை.

3. கல்லறை என்னும் காலப்பொறி

பதினான்காம் நூற்றாண்டுத் தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கும், அவர் அவையில் இருந்த மொராக்கோ பயணி இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வருகின்றனர். மூலிகையின் ஆற்றலால் நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்ததாக அவர்கள் கூறுகின்றனர். வரலாற்றாய்வாளர் ரங்காச்சாரியின் இல்லம் அவர்களுக்குப் புகலிடமாகிறது. தேர்தலில் நின்று வென்று துக்ளக் நாட்டின் பிரதமராகிறார். கதையின் பிற்பகுதியில், இவ்விருவரும் மகாதேவன், ராகவன் என்னும் இளைஞர்கள் என்பது தெரியவருகிறது. அரசியலின் போலித்தனத்தை மக்களுக்கு உணர்த்துவதற்காகவே அவர்கள் வேடம் பூண்டனர். ஆயின் உண்மையை அறிவிக்க வேண்டிய தருணத்தில் மகாதேவன் பதவியை விட மறுக்கிறார். வேடத்தைக் களைய முற்படும் ராகவனைத் துரோகி எனக் கூட்டத்திடம் காட்டிக்கொடுக்கிறார். கூட்டம் ராகவனைக் கொன்றுவிடுகிறது.

நீள் உறக்கத்திலிருந்து எழுந்தவன் புதிய காலத்தைக் காண்பது அறிவியல் புனைவின் பழைய உத்திகளுள் ஒன்று. எச். ஜி. வெல்ஸ் அதனை நாவலாக்கினார். ‘ஸ்லீப்பர்’ (1973) படத்தில் 1973ஆம் ஆண்டில் உறையவைக்கப்பட்ட ஒருவன் 2173இல் கண் விழிக்கிறான். இக்கதைகளில் உறங்கியவன் நம் காலத்தவன். அவன் காணும் உலகமே விந்தையானது. சோ இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். உறங்கியவன் பழங்காலத்தவன், அவன் காணும் உலகம் நம்முடையது. இதனால் வருங்கால நகரத்தை அமைக்கும் செலவு நீங்கியது. பார்வையாளர் அன்றாடம் காணும் மேடைகளும் அலுவலகங்களும் ஒரு சுல்தானின் கண்களுக்கு எதிர்காலமாகிவிடுகின்றன.

சூவினின் அளவுகோலை இங்குப் பொருத்தினால் ஒரு சிக்கல் எழும். மூலிகை என்னும் புதுமைக்கூறு இறுதியில் பொய்யென்று தெளிவாகிறது. அப்படியாயின் இதனை அறிவியல் புனைவு எனக் கொள்வது எங்ஙனம்? அறிவியல் பொய்த்துப்போனாலும் ஆட்சி மெய்யாகவே நடந்துவிட்டது என்பதே விடை. நம்பப்பட்ட பொய் உண்மையான சட்டங்களையும், உண்மையான அமைச்சரவையையும், இறுதியில் உண்மையான பிணத்தையும் விளைவித்தது. ஒரு சமூகத்தில் புதுமைக்கூறு செயற்பட அது மெய்யாக இருத்தல் வேண்டா. சான்றளிக்கப்பட்டிருந்தாலே போதும் என்று இப்படம் காட்டுகிறது.

சான்றளிப்போர் யார் என்பதும் முக்கியம். சுல்தானை மக்கள் ஏற்பதற்கு முன் வரலாற்றறிஞரின் இல்லம் அவரை ஏற்கிறது. மேடையில் எவரும் பிரித்துப் பார்க்காத பொறி ஒன்று இப்படத்தில் உண்டெனில் அது புலமையின் அதிகாரமே. ஆய்வுலகத்தார் இப்படத்தை அரசியல்வாதிகள் மீதான எள்ளலாக மட்டும் கண்டு நகைத்துவிட்டுக் கடந்துவிட இயலாது. நகைப்பின் ஒரு முனை நம்மை நோக்கியும் நீள்கிறது.

4. எளிமையின் அழகியல்

குறைந்த முதலீடு என்பது பொருளாதாரக் கட்டாயம். தக்கார் கையில் அதுவே அழகியலாக மாறுகிறது. கொதார்த் ‘ஆல்ஃபாவில்’ (1965) படத்திற்கு அரங்கம் எதுவும் அமைக்கவில்லை. அன்றைய பாரிஸ் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களையும் இரவு வெளிச்சங்களையும் அப்படியே படமாக்கி, கணினி ஒன்று ஆளும் வேற்றுலக நகரம் என்றார். எதிர்காலம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் வழி இல்லை.

சோவின் படமும் இதே விளைவை வேறு வழியில் அடைகிறது. அவருடைய மூலதனம் மேடை நாடகத்தின் உரையாடல். எதிரெதிர் நின்று பேசும் பாத்திரங்கள், வழக்குரைஞருக்குரிய வினா விடைத் தருக்கம், இடையறாத சொற்சிலேடை ஆகியவை காட்சி நுட்பத்தின் இடத்தை நிரப்புகின்றன. சோ சட்டம் பயின்றவர் என்பதை இவ்வுரையாடல் அமைப்பில் உணரலாம். சுல்தானின் உலகம் தலைப்பாகையாலும் அங்கியாலும் மட்டுமே சுட்டப்படுகிறது. அவ்வாடை நாடகத்தனமாகத் தோன்றுவது குறையன்று. அது வேடம் என்பதை முதற்காட்சியிலிருந்தே பார்வையாளரின் கண் அறிகிறது. ஆயினும் கதைக்குள் வாழ்வோர் அறியாதிருக்கின்றனர். வேடத்தைக் கண்டும் காணாதிருத்தல் என்னும் அரசியல் உளவியலை, மலிவான ஆடை, விலையுயர்ந்த ஆடையைவிட நன்கு உணர்த்துகிறது.

இவ்வணுகுமுறைக்கு எல்லையும் உண்டு. படச்சட்டம் பெரும்பாலும் மேடையின் முகப்பாகவே நின்றுவிடுகிறது. பேசாத முகங்கள், வெற்றிடங்கள், தெருவின் இயல்பான அசைவு ஆகியவற்றைக் கேமரா தேடிச் செல்வதில்லை. கூட்டம் என்னும் பாத்திரத்துக்கு இப்படத்தில் முழக்கம் உண்டு, முகம் இல்லை. இது நுட்பக் குறையாகத் தொடங்கிக் கருத்துக் குறையாக முடிவதைப் பின்னர்க் காண்போம்.

5. பாரசீகமும் துணைப் பிரதமர்களும்

டிஸ்டோப்பிய அங்கதத்தின் தரம் அதன் அபத்தச் சட்டங்களின் தருக்கத்தில் வெளிப்படும். துக்ளக் ஆட்சியின் இரு அறிவிப்புகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது, பாரசீகம் இந்தியாவின் ஆட்சிமொழியாக அறிவிக்கப்படுவது. 1963இன் ஆட்சிமொழிச் சட்டம், 1965இன் மாணவர் கிளர்ச்சி, 1967 இறுதியில் அச்சட்டத்திற்கு வந்த திருத்தம், 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானம் ஆகியவற்றின் வெப்பம் தணியுமுன் மேடையேறிய நகைச்சுவை இது. இதன் தருக்கத்தை விரித்துப் பார்த்தால், எல்லோருக்கும் சம அளவில் அந்நியமான மொழியே நடுநிலையான மொழி என்ற முடிபு கிடைக்கிறது. சமத்துவம் என்னும் கொள்கை, உரிமைகளைப் பகிர்ந்தளிப்பதற்குப் பதிலாக இழப்புகளைப் பகிர்ந்தளிக்கும் நிலைக்குத் தாழ்வதை இது காட்டுகிறது. பாரசீகம் தில்லி சுல்தான்களின் அவைமொழியாக உண்மையில் விளங்கியது என்பதால் பாத்திரப் பொருத்தமும் கெடவில்லை. ‘ஆல்ஃபாவில்’ நகரத்தில் அகராதியிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன. துக்ளக்கின் நாட்டிலோ மொழியே ஒரே ஆணையால் மாற்றப்படுகிறது. மொழியின் மீது கைவைப்பதே கொடுங்கோன்மையின் முதற்குறி என்பதில் இரு படங்களும் ஒன்றுபடுகின்றன.

எனினும் இந்நகைச்சுவை யாரைக் காக்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்தவரும் இந்தியைத் திணித்தவரும் இங்கு ஒரே தட்டில் வைத்து நகைக்கப்படுகின்றனர். 1965இல் உயிரிழந்தோரின் நினைவு பசுமையாக இருந்த தமிழகத்தில் இச்சமநிலை நடுநிலையாகாது. அங்கதம் எல்லாத் தரப்பையும் தாக்குவதாகக் காட்டிக்கொள்ளும்போது, தாக்குதலுக்கு உள்ளானோரிடையே உள்ள வலிமை வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, கட்சி மாறி வரும் உறுப்பினர் அனைவருக்கும் துணைப் பிரதமர் பதவி வழங்கப்படுவது. 1967 தேர்தலுக்குப்பின் பல மாநிலங்களில் கட்சித் தாவல் பெருகியது. அரியானாவில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் இரு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறியது தேசியப் பழமொழியாயிற்று. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுந்த இந்நகைச்சுவை, நடப்பைச் சற்றே நீட்டி அதன் எல்லையைக் காட்டுகிறது. எல்லோரும் துணைப் பிரதமரானால் பதவிக்கு மதிப்பு ஏது? நாணயத்தின் உலோக மதிப்பைக் குறைத்து அடையாள நாணயம் வெளியிட்ட வரலாற்றுத் துக்ளக்கின் செயலோடு இது நுட்பமாக இணைகிறது. அன்று செப்புக்கு வெள்ளியின் மதிப்புத் தரப்பட்டது; இன்று பதவிப் பெயருக்கு அதிகாரத்தின் மதிப்புத் தரப்படுகிறது. இரண்டும் போலியாக்கத்தால் சரிகின்றன. வரலாற்றைக் கதைச்சட்டகமாக மட்டும் கொள்ளாமல் அங்கதத்தின் தருக்கமாகவே ஆக்கிய இடம் இது. படத்தின் சிறந்த பகுதியும் இதுவே.

6. போலி ஆட்சியாளர்: மூன்று வடிவங்கள்

ஆட்சியாளர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்னும் கண்டறிதல் டிஸ்டோப்பிய அங்கதத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. ‘ஸ்லீப்பர்’ படத்தில் நாட்டின் தலைவர் மாதங்களுக்கு முன்பே வெடிகுண்டுக்கு இரையாகிவிட்டார்; எஞ்சியது அவருடைய மூக்கு மட்டுமே. அம்மூக்கிலிருந்து அவரை மீண்டும் உருவாக்க அரசு முயல்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தூர்தர்ஷனிலும் தொடராக்கப்பட்ட சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அங்கு மக்களின் பெயர்கள் சுருக்கப்பட்டுள்ளன. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவர் ஒளியால் ஆன முப்பரிமாண உருவம் மட்டுமே என்பது நிலாவுக்கும், ஜீனோ என்னும் எந்திர நாய்க்கும் தெரியவருகிறது.

மகாதேவன், ஜீவா, மூக்கு ஆகிய மூன்றிலும் ஆட்சி என்பது ஒரு வெற்று மையம். ஆயின் அம்மையத்தை வெளிப்படுத்தியபின் நிகழ்வதில்தான் படைப்புகளின் நோக்கு வேறுபடுகிறது. வுடி ஆலனின் நாயகன் அரசியலையும் அறிவியலையும் ஒருசேர நம்ப மறுத்துக் காதலிடம் சரணடைகிறான். சுஜாதாவிடம், ஜீவாவின் பொய்மையை உடைத்த ரவியும் மனோவும் அவ்விடத்தில் தாமே அமர்ந்து, நிலாவைப் பொம்மை அரசியாக்குகின்றனர். சோவிடம், பொய்யை அம்பலப்படுத்த வந்தவனே பொய்யாகிறான்.

தமிழ்ப் படைப்புகள் இரண்டும் ஒரே முடிவுக்கு வருவது தற்செயலாகத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வரும் எதிரியைவிட, மாற்றத்தின் பெயரால் வருபவரின் உருமாற்றமே இரண்டிலும் அச்சமூட்டுகிறது. 1967இல் ஆட்சி மாறியது. அதன் முன்னறிகுறிகளுள் ஒன்று, 1963இல் திருவண்ணாமலை இடைத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற வெற்றி. காங்கிரசும் 1969இல் பிளவுபட்டது. எதிர்ப்பியக்கம் ஆளுங்கட்சியாவதைக் கண்முன் கண்ட தலைமுறையின் ஐயம் சோவின் முடிவில் பதிவாகியுள்ளது. நெருக்கடிநிலையையும் அதன்பின் வந்த ஜனதா ஆட்சியின் சிதைவையும் கண்ட தலைமுறையின் ஐயமாகச் சுஜாதாவின் முடிவைக் கருதலாம்.

7. திருவண்ணாமலையின் துக்ளக் காலம்

முகமது பின் துக்ளக்கும் இபின் பதூதாவும் தமிழ்ப் பார்வையாளருக்குத் தொலைதூரத் தில்லியின் பாத்திரங்களாகத் தோன்றலாம். திருவண்ணாமலையைப் பொறுத்தவரை அவர்கள் தொலைவானவர்கள் அல்லர். துக்ளக்கின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த மதுரையில் அவருடைய ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அசன் 1335ஐ ஒட்டித் தனியாட்சி நிறுவினார். அம்மதுரைச் சுல்தான்களை எதிர்த்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் திருவண்ணாமலையைத் தம் தலைநகராகக் கொண்டிருந்தார். 1342ஐ ஒட்டி நிகழ்ந்த போரில் முதிய வயதில் அவர் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலின் தோல் உரிக்கப்பட்டு வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதைக் குறித்து எழுதியவர், மதுரைச் சுல்தானோடு மணவழி உறவு கொண்டிருந்த அதே இபின் பதூதாவே. படத்தில் நகைச்சுவைத் துணைவராக வரும் பாத்திரத்தின் வரலாற்று மூலவர், இவ்வூர் அரசரின் முடிவுக்குச் சான்று சொன்னவர்.

இந்நகரத்தின் நினைவு அவ்வரசரை வேறொரு கதையாக்கிக்கொண்டது. அருணாசலேசுவரர் கோயிலில் அவர் பெயரால் வல்லாள மகாராஜா கோபுரம் நிற்கிறது. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் அவருக்குத் தனிச் சருக்கம் உண்டு. மகப்பேறற்ற மன்னரைச் சோதிக்க வந்த இறைவன் குழந்தையாகத் தோன்றி, மகனுக்குரிய கடனைத் தாமே ஆற்றுவதாக வாக்களித்தார் என்பது புராணச் செய்தி. இன்றும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மன்னருக்கு நீர்க்கடன் ஆற்றும் சடங்கு நடைபெறுகிறது.

ஒரே நூற்றாண்டின் இரு ஆட்சியாளர்கள் தமிழ் நினைவில் இருவேறு முறையில் மீண்டும் எழுகின்றனர். துக்ளக் அங்கதத்தின் வழியே எழுந்து பதவியைப் பற்றிக்கொள்கிறார். வல்லாளர் சடங்கின் வழியே ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறார். ஆயின் அவர் எழுந்து வருவதில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதை ஆண்டுதோறும் உறுதி செய்வதே சடங்கின் பொருள். வரலாற்றில் கொடுமையாக முடிந்த ஓர் இறப்புக்கு உரிய கடனைச் சமூகம் தன் தெய்வத்தின் கையால் செலுத்துகிறது. இறந்தோரை இறந்தோராக மதிக்கும் பண்பாடு இது. இறந்த ஆட்சியாளரை மீண்டும் எழுப்பி, அவர் பெயரால் ஆள முற்படுவதே டிஸ்டோப்பியாவின் தொடக்கம் என்னும் முடிபை, சோவின் படத்தையும் இச்சடங்கையும் அருகருகே வைக்கும்போது எட்ட முடிகிறது.

8. அங்கதத்தின் குறை

இப்படத்தின் மீது மூன்று விமர்சனங்களை முன்வைக்க வேண்டியுள்ளது.

முதலாவது, மக்கள் பற்றிய நோக்கு. இறுதிக் காட்சியில் ராகவனைக் கொல்வது கூட்டம். அக்கூட்டம் எளிதில் ஏமாறுவது, பகுத்துணராதது, கொலைவெறி கொண்டது. ஏமாற்றியவன் மகாதேவன், ஆயினும் பழி ஏமாந்தோர் மீதே அழுத்தமாக விழுகிறது. 1971 தேர்தலில் தமிழக வாக்காளர்கள் 234 தொகுதிகளில் 184 தொகுதிகளைத் திராவிட முன்னேற்றக் கழகத்திற்கு அளித்தனர். அதனைக் கூட்டத்தின் மயக்கம் என்று கொள்வோருக்கு இப்படம் ஆறுதல் அளித்திருக்கக்கூடும். கல்வியும் அலுவலகமும் எட்டாதிருந்த சமூகங்கள் முதன்முறையாக அரசதிகாரத்தை நெருங்கிய காலத்தில், வாக்குரிமையை மந்தைத்தனமாகச் சித்திரித்ததன் சமூகச் சார்பைக் கருதாமல் விடுவது நேர்மையாகாது. முகமற்ற கூட்டத்தைக் காட்டிய கேமராவின் சிக்கனம் இங்குக் கருத்தியலாகிறது.

இரண்டாவது, துக்ளக் என்னும் குறியீடு. தலைநகரை 1327ஐ ஒட்டித் தௌலதாபாத்துக்கு மாற்றியதும் அடையாள நாணயமும் சேர்ந்து, அவர் பெயரை மூடத்தனத்தின் மறுபெயராக்கிவிட்டன. 1964இல் கன்னடத்தில் எழுதப்பட்ட கிரீஷ் கார்னாடின் ‘துக்ளக்’ நாடகம் அப்பொதுப்புத்தியை மறுத்தது. அதில் அவர் காலத்தை முந்திச் சிந்தித்த இலட்சியவாதி. அவ்விலட்சியமே வன்முறையாகச் சிதைவதன் துன்பியல் அது. சோ பொதுப்புத்தியை அப்படியே எடுத்துக்கொண்டார். வேடத்துக்குள் இருப்பவர்கள் மகாதேவனும் ராகவனுமே என்று கதை காட்டுவதால், மூடத்தனம் ஒரு மதத்துக்குரியதன்று என்னும் திருத்தம் கிடைப்பது உண்மை. ஆயினும் அவ்வுண்மை வெளிப்படும் வரை அரங்கின் சிரிப்பு அங்கியையும் தாடியையும் நோக்கியே எழுகிறது. இன்றைய சூழலில் இதனை எச்சரிக்கையோடு அணுகுதல் வேண்டும்.

மூன்றாவது, மாற்று பற்றிய மௌனம். டிஸ்டோப்பியா நம்பிக்கையை வெளிப்படையாகத் தர வேண்டியதில்லை. அது சாத்தியம் என்னும் நினைவையாவது மிச்சம் வைக்க வேண்டும். சுஜாதாவின் ஜீனோ அந்நினைவைக் காக்கிறது. எந்திரமாகிய அது மனிதரைவிட மனிதத்தன்மையோடு நடக்கிறது. சோவின் படத்தில் அப்பொறுப்பை ஏற்கக்கூடியவர் ராகவன் ஒருவரே. அவருடைய இறப்பு கதையின் சிகரமாகிறது. ஆனால் அவருடைய தயக்கமும் அறச்சிக்கலும் முன்னரே போதிய அளவு வளர்க்கப்படவில்லை. ஆதலால் அவர் வாதத்திற்கான பலியாக நிற்கிறாரேயன்றி முழு மனிதராக நிற்கவில்லை.

இக்குறைகளையும் கடந்து இப்படம் நிலைப்பதற்குக் காரணம், படைத்தவரின் சார்பையும் மீறிச் செல்லும் அதன் சட்டகமே. சோ 1970 ஜனவரியில் ‘துக்ளக்’ இதழைத் தொடங்கினார். அப்பெயராலேயே அரசியல் விமர்சகராக நிலைபெற்றார். அம்பலப்படுத்துவோனை நம்பாதே என்று முடியும் கதையின் பெயரிலேயே அம்பலப்படுத்தும் இதழ் ஒன்று நடந்தது. படம் தன் ஆசிரியரையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது என்பதே அதன் கலை வெற்றி.

9. முடிவுரை

‘முகமது பின் துக்ளக்’ விண்வெளியையும் பொறிகளையும் தவிர்த்து, ஒரு கல்லறையையும் ஓர் அங்கியையும் கொண்டு டிஸ்டோப்பிய உலகை அமைத்தது. அதன் புதுமைக்கூறு பொய், விளைவுகள் மெய். செம்பொருள் அங்கதம் காலத்தோடு மங்கினும் பழிகரப்பு அங்கதம் மங்கவில்லை. படம் எள்ளிய அரசியல்வாதிகளை இன்றைய மாணவர் பலர் அறியார். ஆயினும் வேடம் கலைய மறுக்கும் இடம் அவர்களுக்கு விளக்கமின்றியே புரியும்.

2024 ஜனவரியில் மறைந்த முதல்வர் மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு, நூல் வெளியீட்டு விழா ஒன்றில் திரையில் உரையாற்றின. அடுத்த மாதம் மறைந்த முதல்வர் ஜெ. ஜெயலலிதாவின் குரல் அதே முறையில் தொண்டர்களிடம் பேசியது. மூலிகையால் ஆகாதது நிரலால் ஆயிற்று. இரு நிகழ்விலும் இது செயற்கை என்பதைக் கேட்டோர் அறிந்திருந்தனர், அறிந்தே ஏற்றனர். மலிவான அங்கியைக் கண்டும் சுல்தானை ஏற்ற கூட்டத்தைப் படைத்தபோது சோ முன்னுணர்ந்தது இவ்வுளவியலையே. ஆயின் இதனைக் கூட்டத்தின் அறியாமை என்று மட்டும் கூறிவிடலாகாது. இழந்த தலைவரின் குரலை ஒருமுறை கேட்கும் விருப்பம் துயரத்தின் இயல்பு. அத்துயரத்தைப் பிறர் பயன்கொள்வதே ஆராயத்தக்கது.

இவ்விடத்தில் திருவண்ணாமலையின் மாசி மகச் சடங்கு கோட்பாட்டு நோக்கிலும் பொருள் பெறுகிறது. இறந்த மன்னரைப் பேசவைக்காமல் அவருக்கு நீர்க்கடன் மட்டும் ஆற்றும் அம்மரபு, நினைவுக்கும் மீட்டெழுப்பலுக்கும் இடையே கோடு வரைகிறது. அக்கோடு அழியும் இடங்களைத் தமிழ்ப் புனைவும் திரைப்படமும் எவ்வாறு காட்டியுள்ளன என்பது விரிவான ஆய்வுக்குரியது. மேடை நாடகம், வானொலி, தொலைக்காட்சித் தொடர், குறும்படம் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் குறைந்த முதலீட்டு அறிவியல் புனைவுகளைத் தொகுப்பதும், அவற்றைத் தொல்காப்பிய அங்கத மரபோடு இணைத்து வாசிப்பதும் அவ்வாய்வின் முதற்பணிகளாக அமையலாம்.